செங்கல் மேல் நிற்கும் சாமி

மகாராஷ்டிர மாநிலத்தில் பீமா ஆறு ஓடுகிறது. பண்டரிபுரத்தில் அது பிறை போல வளைகிறது. அங்கே அதற்குச் சந்திரபாகா என்று பெயர். அதன் கரையில் விட்டலன் கோயில் இருக்கிறது.

இந்தக் கோயிலைப் பற்றி ஒரு கதை உண்டு. புண்டலீகன் தன் தாய் தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தான். அப்போது சாமி வந்தார். "சற்றுப் பொறுங்கள்" என்று புண்டலீகன் ஒரு செங்கல்லைப் போட்டான். சாமி அதன் மேல் நின்றார். இன்றும் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். பெற்றோரைப் பேணுவதும் பூசைதான் என்கிறது இந்தக் கதை.

ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு லட்சக்கணக்கான மக்கள் நடந்தே வருகிறார்கள். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கு வரும். தேகுவிலிருந்து துக்காராம் பல்லக்கு வரும். உழவர்களும் கூலி வேலை செய்பவர்களும் பாடிக்கொண்டே உடன் நடப்பார்கள்.

ஆனால் எல்லோரும் கோயிலுக்குள் போக முடியவில்லை. சோகாமேளர் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பக்தர். மகர் சாதியில் பிறந்தவர். அவரை உள்ளே விடவில்லை. வெளியே நின்றே விட்டலனைப் பாடினார். அவருடைய சமாதி கோயில் வாசலில் இருக்கிறது.

1947 மே மாதம் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தார். அவர் விடுதலைப் போராட்ட வீரர், ஆசிரியர். அதன் பிறகு கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது.

சோகாமேளர் வாசலோடு நின்றார். அவருடைய மக்கள் உள்ளே போனார்கள். அந்தச் சில அடி தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 600 ஆண்டுகள் ஆயின.