ஆன் ஆகாத சி.பி.யூ: செலவை எங்கிருந்து தொடங்குவது?

பட்டனை அமுக்கினால் விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை. "போர்டு போயிருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், கணக்கு 5,000 ரூபாயிலிருந்து தொடங்கிவிடும். அதோடு நிற்பதும் இல்லை. இன்டெல் எட்டாம், ஒன்பதாம் தலைமுறை சாக்கெட்டின் எண் 1151. 2020-இல் பத்தாம் தலைமுறைக்கு அது 1200 ஆனது, 2021-இல் பன்னிரண்டாம் தலைமுறைக்கு 1700. பழைய சாக்கெட் போர்டு கடையில் இல்லையென்றால் பிராசசரையும் மாற்ற வேண்டும். புதுப் போர்டு டி.டி.ஆர்.5 என்றால் ராமும் புதிது. ஒரு பழுதுக்கு மூன்று சாமான் வாங்கி, பில் 15,000-ஐத் தொடும். அதனால்தான் போர்டுப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்கிறேன்.

முதல் சுற்றுக்குச் செலவு 0 ரூபாய். அதே பிளக்கில் வேறொரு சாமானைப் போட்டுப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டரை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச், பெருக்கும்போது துடைப்பம் பட்டு அணைந்திருக்கலாம். மானிட்டருக்கு அடாப்டர் இல்லாமல் நேர் கார்டு என்றால் அதையே கழற்றி சி.பி.யூவுக்குப் போடலாம். கார்டுதான் பழுது என்றால் புதிதுக்கு 100 முதல் 200 ரூபாய்.

அடுத்து கேபினட் பட்டன். பல ஆண்டுகள் அமுக்கி அமுக்கி உள்ளே தேய்ந்திருக்கும். அதிலிருந்து வரும் ஒயர் போர்டில் 2 பின்களில் செருகியிருக்கும். அதை உருவிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டு பின்னையும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஓடினால் பழுது பட்டனில். ரீசெட் பட்டனின் ஒயரை அந்த இடத்தில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கும் செலவு 0.

இனி மீட்டர் வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் 200, 300 ரூபாய்க்கே கிடைக்கிறது. வீட்டுக்கு வரும் மெக்கானிக்கின் ஒரு விசிட் சார்ஜ்கூட அதைவிட அதிகமாகலாம். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் வையுங்கள். 24 பின் கனெக்டரில் முதலில் பார்க்க வேண்டியது ஊதா ஒயர், 9-ஆம் பின். பிளக்கில் கரண்ட் இருந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருந்தால் சரி. பூஜ்யம் காட்டினால் கனெக்டரைப் போர்டிலிருந்து உருவி மறுபடி பாருங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் எஸ்.எம்.பி.எஸ்தான் பழுது. உருவியதும் 5 வந்தால் போர்டில் ஏதோ ஒன்று அதை இழுத்துக் கீழே தள்ளுகிறது.

ஊதாவில் 4.2 மாதிரி தாழ்ந்த எண் வந்தால் கவனியுங்கள். நாலைந்து தடவை அமுக்கினால்தான் ஆன் ஆகிறது, சூடானபின் ஒழுங்காக ஓடுகிறது என்று பலர் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். கெபாசிட்டர் சோர்ந்திருக்கும். போர்டிலேயே தெரிகிற கெபாசிட்டர் கெட்டிருந்தால் கண்ணாலும் கண்டுபிடிக்கலாம். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பி, கீறல் வழியே பழுப்பாகக் கசிந்திருக்கும். மேலே 105 டிகிரி என்று போட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2,000 மணி நேர ஆயுள் என்றால், 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் ஓடினால் 4,000 நாள், ஏறத்தாழ 11 ஆண்டு. தூசு அடைத்து 75 டிகிரி ஆனால் அதில் பாதிதான்.

ஊதா சரியாக இருந்தால் பச்சை ஒயர், 16-ஆம் பின். பட்டனை அமுக்கியதும் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை வரலாம். சாம்பல் ஒயரில், 8-ஆம் பின்னில், அரை நொடிக்குள் 5 வோல்ட் வர வேண்டும். ஃபேன் சுற்றியும் சாம்பலில் ஒன்றும் வராவிட்டால் போர்டு கிளம்பாது, சந்தேகம் மறுபடி எஸ்.எம்.பி.எஸ் மேல்தான். இப்போது எல்லா ஒயரும் கறுப்பாக வருவதால்தான் பின் எண்ணையும் சொல்கிறேன்.

எஸ்.எம்.பி.எஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் டி.சி. ஆகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

புதிது வாங்கும்போது ஸ்டிக்கரில் பெரிதாக இருக்கும் 450 வாட்டைப் பார்க்காமல் 12 வோல்ட் வரியைப் பாருங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றால் 12 × 18 = 216 வாட், கையில் வருவது அவ்வளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 65 வாட் பிராசசர் போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் மொத்தமாக 150 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். அதற்கு 750 வாட் வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நல்ல கம்பெனியின் 450 வாட் 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும்.

ஃபேன் ஓடுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை என்றால் ராமைக் கழற்றி, தங்க நிறக் கோடுகளை ரப்பரால் துடைத்துத் திரும்பப் போடுங்கள். டி.டி.ஆர்.4-இல் அவை 288.

இவ்வளவும் பார்த்தபின் கடைக்குப் போனால், வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸைப் போர்டில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். 24 பின் ஒன்று, பிராசசருக்கான 4 அல்லது 8 பின் ஒன்று, 10 நிமிட வேலை. அதிலும் ஓடவில்லை என்றால் போர்டுக்கு எஸ்டிமேட் கேட்கலாம். ஊதா, சாம்பல் இரண்டின் ரீடிங்கையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.