கத்துபவருக்கு எங்கே வலிக்கிறது?

குளிப்பாட்டப் போனால் கையை ஓங்குகிறார். பொழுது சாய்ந்தால் கத்துகிறார். ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் நடக்கிறார். டிமென்ஷியா முற்றியவரைப் பார்த்துக்கொண்டு களைத்துப்போன குடும்பம், "அமைதியா இருக்க ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேட்பதில் தப்பே இல்லை. எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி.

நார்வேயில் பெத்தினா ஹூசேபோ குழுவினர், 18 பராமரிப்பு இல்லங்களில் இப்படிக் கொந்தளிக்கும் 352 முதியோரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு 8 வாரம் வலி மருந்து. பெரும்பாலானோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால். கொந்தளிப்பு 17 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஏறியது. ஆய்வு 2011-இல் வெளியானது.

காரணம் எளிது. மூட்டு தேய்ந்திருக்கும், பல் சொத்தையாகியிருக்கும், நான்கு நாளாக மலம் போயிருக்காது. வலி தெரிகிறது, சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. அதனால் ஹூசேபோ குழு வாயைப் பார்க்காமல் உடம்பைப் பார்க்கச் சொல்கிறது: விரலை மெல்ல விரித்து, கையை உயர்த்தி, முழங்காலை மடக்கி, ஒருக்களித்துத் திருப்பும்போது முகம் சுளிக்கிறதா, முனகுகிறாரா, உடம்பு விறைக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இதைப் பார்க்காமலே மனநோய் மருந்துக்குப் போவது ஆபத்து. சுமார் 10 வாரச் சோதனைகளில் அம்மருந்தை எடுத்த டிமென்ஷியா நோயாளிகளில் 4.5 சதவீதமும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதமும் இறந்ததைக் கண்டு, 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. பிரிட்டனில் 2009-இல் மனநல மருத்துவர் சுபே பானர்ஜி அளித்த அறிக்கை, அதைச் சாப்பிட்ட 1,80,000 பேரில் பலன் கண்டவர்கள் சுமார் 36,000 பேர்தான் என்றது. ஆண்டுக்கு 1,800 கூடுதல் மரணங்கள் என்றும் கணக்கிட்டது. லூயி பாடி வகை டிமென்ஷியாவில் இம்மருந்து உடலை இறுக்கி உயிரையே பறிக்கலாம்.

அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால் ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து சிறு அளவில் உதவும். பிரிட்டனில் அதற்கும் 6 வாரமே வரம்பு.

இன்னொன்று. டிமென்ஷியாவுக்குத் தரும் டோனெபெசில், மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் காப்பாற்றும் மருந்து. சளிக்கு நாமே வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரை அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுத்துவிடும். ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்குகிறது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். புது மருந்து எழுதினால் எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவோம் என்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை மட்டும் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.