சீடை விற்க எதற்கு இத்தனை சொல்?

கண்டனூரில் பலகாரம் போட்டு விற்கும் ஓர் ஆச்சி, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு செய்தி எழுதித் தரும்படி சாட்பாட்டிடம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “பாரம்பரியச் சுவையின் உன்னத அனுபவத்தை உங்கள் இல்லத்திற்கே கொண்டுவருவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்” என்று தொடங்கி மூன்று பத்தி வரும். ஆச்சியே எழுதினால் இரண்டே வரி: “சீப்புச் சீடையும் தேன்குழலும் நாளைக்குப் போடுறோம். வேணுங்கிறவங்க இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க.”

இந்த நீட்டல் பழக்கிவிடப்பட்டது. சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயிற்றும்போது, ஒரே கேள்விக்கு வந்த பல பதில்களை மனிதர்கள் படித்து, எது மேல் என்று வரிசைப்படுத்துகிறார்கள். அந்தத் தேர்வை வைத்தே இயந்திரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. நீண்ட பதிலைப் பார்த்தால் உழைத்து எழுதியதுபோல் தோன்றுகிறது. புதிதாக ஒன்றும் சொல்லாவிட்டாலும் அதற்கு மதிப்பெண் விழுந்துவிடுகிறது. பதில்களை இயந்திரமே ஒப்பிட்டு மதிப்பிட்டாலும் இதே சாய்வுதான். அதனால் அல்பாகாஇவால் என்ற அளவீட்டில், நீளத்தால் கிடைக்கும் சலுகையைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் முறையை 2024இல் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தமிழில் நடையும் சேர்ந்து கெடுகிறது. இத்தகைய இயந்திரங்கள் பலவற்றைப் பயிற்றப் பயன்படும், இணையப் பக்கங்களைத் திரட்டிவைக்கும் காமன் கிரால் தொகுப்பில் ஆங்கிலம் 40 விழுக்காட்டுக்கும் மேல், தமிழ் 0.1 விழுக்காடுகூட இல்லை. அந்தக் கொஞ்சத்தில் ஆச்சியின் பேச்சு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழ்ச் சொல்லை மாட்டிவிட்டதுபோல் வருவதற்கு இந்தப் பஞ்சம் முக்கியமான காரணம் என்றே கருதுகிறேன்.

“இயல்பாக எழுது” என்று கட்டளையிடுவதால் பெரிய பலன் இல்லை. எது இயல்பு என்று இயந்திரத்துக்கு யார் காட்டியது? ஒன்றிரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்த்ததும் அதே வகையில் எழுதத் தொடங்குவதுதான் இந்த இயந்திரங்களின் பெரிய திறமை. ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியைப் பற்றி 2020இல் வந்த ஆய்வுக் கட்டுரையின் மையமே அதுதான். ஆகவே ஆச்சி, தான் முன்பு அனுப்பிய நாலைந்து செய்திகளை அப்படியே ஒட்டிவிட்டு, “இதே பேச்சில், இரண்டு வரிக்குள், பழைய வாடிக்கைக்காரர்களுக்கு” என்று சொல்லட்டும். விலையையும் தேதியையும் அவரே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் இயந்திரம் தானாக ஒன்றைப் போட்டுவிடக்கூடும்.

வந்ததை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். நம் வீட்டு முகப்பில் நின்று பேசும்போது வாயில் வராத சொல் எதுவோ, அதை அடித்துவிட்டு அனுப்புங்கள்.