விடிகாலையில் இறால் மேலே வருவது ஏன்?

வேதாரண்யம், சீர்காழிப் பக்கம் இறால் குளம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். விடிய நாலு, அஞ்சு மணிக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தா, அடியில் மேய வேண்டிய இறால் எல்லாம் கரையோரமும் நீர்மட்டத்திலும் வந்து நிற்கும். நல்ல சுறுசுறுப்பு என்று நினைத்துவிடாதீங்க. மூச்சுத் திணறுது என்று அர்த்தம்.

பகலில் தண்ணீரிலுள்ள பச்சைப் பாசி வெயிலைக்கொண்டு பிராணவாயுவை வெளிவிடும். இராத்திரியிலோ அதே பாசி இறாலோடு போட்டி போட்டுக்கொண்டு அதை இழுக்கும். அடிச்சேற்றில் அழுகும் மீதித் தீவனமும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே சூரியன் உதிக்கும் முன்புதான் பிராணவாயு மிகக் குறைவு. தண்ணீர் சூடாக இருந்தால் அது கரைவதே குறைவு என்பதால் கோடையில் சிரமம் கூடும்.

இறாலும் சும்மா இருந்து செத்துவிடுவதில்லை. செவுள் பக்கத்தில் துடுப்பு மாதிரி ஓர் உறுப்பு இருக்கிறது. அது ஓயாமல் அசைந்து, செவுள் வழியே தண்ணீரை ஓடவிடும். பிராணவாயு குறையக் குறைய அந்தத் துடுப்பின் வேகம் கூடும். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு, இறாலுக்கோ செம்பு. அதனால்தான் அதன் ரத்தம் நீலம் தட்டும். நெருக்கடி முற்றினால் தீனியை ஒதுக்கி, அசைவையும் குறைத்துக்கொள்ளும். வயல் நண்டு இதில் கெட்டிக்காரன். தண்ணீர் கெட்டால் வரப்பில் ஏறி, செவுள் அறையில் ஈரத்தை வைத்துக்கொண்டு வெளிக்காற்றையே சுவாசிக்கும். குளத்து இறாலுக்கு அந்த வசதி கிடையாது. அதிலும் ஓடு கழற்றும் வேளையில் பிராணவாயு கூடுதலாகத் தேவை. அன்றைக்குக் குறைந்தால் சாவு அதிகம்.

லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 1-ஐ நெருங்கி அப்படியே நீடித்தால் குளமே போய்விடும். ஏரியேட்டரை இரவு முழுக்க, சூரியன் நன்றாக ஏறும்வரை ஓடவிடுங்க. டீசல் செலவு கணக்குப் பார்த்து மூணு மணிக்கு நிறுத்துகிறவர்கள் உண்டு. முக்கியமான நேரமே அதுக்கப்புறம்தான்! சில நாள் மூட்டமாக இருந்து, பச்சையாயிருந்த தண்ணீர் திடீரென்று தெளிந்தால், பாசி செத்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்க. அன்று பகலிலும் ஓடட்டும்.

இறால் மேலே வந்த அன்று காலைத் தீனி வேண்டாம். வெயில் ஏறி, செக் ட்ரேயில் இறால் மேய்வதைப் பார்த்த பிறகு பாதியளவு போட்டுத் தொடங்கலாம்.