காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை

தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் மேலே கொஞ்ச ஆழத்துக்கு மண் இருக்கும். அதற்குக் கீழே வெடி வைத்துத் தகர்த்த பாறை, பாறையோடு நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள். பல கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வரப்பு முடிகிற இடத்தில் கிணறு தொடங்கிவிடும். நல்ல மழை பெய்தால், அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்தால், பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் மடை திறந்தால் ஊற்று ஏறும். விவசாயிக்கு நிம்மதியான நாட்கள் அவை. நடைபழகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மிக ஆபத்தான நாட்களும் அவைதான்.

அப்படி ஒரு பிள்ளை போய்விட்டால், 'தண்ணியில கண்டம் இருந்திருக்கு' என்று ஊர் சொல்லும். துக்க வீட்டில் அந்தப் பேச்சு ஓர் ஆறுதல், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கண்டம் என்றால் அது யாருக்கும் எந்த நேரத்திலும் வரலாம். நீரில் மூழ்கும் மரணம் அப்படி வருவதில்லை. அதற்கு வயது உண்டு, நேரம் உண்டு, வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் என்றும் உண்டு. காலராவையும் அம்மையையும் துரத்திய நோய்ப்பரவலியல் ஆய்வாளர்கள்தான் இதையும் கணக்கெடுத்துச் சொன்னார்கள்.

வங்கதேசத்தில் மத்லப் என்ற கிராமப் பகுதியில் காலரா ஆய்வுக்காகத் தொடங்கிய ஒரு பதிவேடு இருக்கிறது. 1966 முதல் அங்கே நிகழும் ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் அதில் ஏறுகிறது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளின் இறப்பில் மூழ்கி இறந்தவர்கள் 1983-இல் 9 சதவீதம். 2000-இல் அது 53 சதவீதம். குளங்கள் பெருகிவிடவில்லை. தடுப்பூசியும் உப்பு சர்க்கரைக் கரைசலும் வந்து வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் பின்வாங்கின. அவற்றின் நிழலில் இத்தனை காலம் மறைந்திருந்த தண்ணீர் அப்போதுதான் கண்ணில் பட்டது. மருத்துவம் வென்ற இடத்தில் மிச்சமிருந்த மரணம் இது.

ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் உட்கார்ந்து பேசுவதற்கு 'வாய்மொழிப் பிரேத விசாரணை' என்று பெயர். அன்று எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தீர்கள், அப்போது என்ன வேலையில் இருந்தீர்கள், தண்ணீர் எவ்வளவு தூரம், நடுவில் வேலி உண்டா? பதில்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து நின்றன. பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணிக்குள், வீட்டை ஒட்டிய குட்டையில். தாய் சமையலில் இருப்பாள், தகப்பன் வயலில், அண்ணன் பள்ளியில். எந்தத் தாயும் அந்த நான்கு மணி நேரம் பிள்ளையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இதில் தாயைக் குற்றவாளியாக்குவது அநியாயம் மட்டுமல்ல, கணக்கும் அப்படிச் சொல்லவில்லை.

விடையும் அந்தக் கணக்கிலிருந்தே வந்தது. வங்கதேச ஆய்வாளர் அமினுர் ரஹ்மானும் அவருடைய நிறுவனத்தாரும் அந்த நான்கு மணி நேரத்துக்கு ஊரிலேயே ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 'ஆஞ்சல்' என்ற காப்பகங்களை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர், அவருக்கு ஓர் உதவியாள், இருபது இருபத்தைந்து பிள்ளைகள். அங்கு வந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது எண்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒரு தடுப்பூசி இவ்வளவு வேலை செய்தால் அதைக் கொண்டாடுவோம். மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்திலும் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகள் ஆண்டுக்கு லட்சத்துக்கு 240 பேர் என்ற அளவில் மூழ்கி இறப்பதாகக் கணக்கெடுப்பு காட்டியது. அங்கேயும் இப்போது இதுபோன்ற காப்பகங்கள் நடக்கின்றன.

நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் இப்படி ஊர் ஊராகப் பதிவு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் மூழ்கி இறப்பது பற்றி அங்கிருந்து 2000-இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. மற்ற இடங்களில் காவல் நிலையப் பதிவை நம்ப வேண்டியிருக்கிறது. பிரேதப் பரிசோதனைக்கு அஞ்சிக் குழந்தையை அப்படியே அடக்கம் செய்துவிடும் வீடுகள் உண்டு. பெரியவர் உடல் கிணற்றில் கிடைத்தால் தவறி விழுந்தாரா, தானே விழுந்தாரா என்பது தெரியாமலே கோப்பு மூடப்படும். உலக சுகாதார நிறுவனம் 2021-க்குச் சொல்லும் உலகளாவிய 3 லட்சம் மரணங்களில் வெள்ளமும் படகு விபத்தும் சேரவில்லை. உண்மை எண் அதைவிடப் பெரியது.

மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அது தவறு. மூச்சு விடவே வாய் தண்ணீருக்கு மேல் வராதபோது கத்துவதற்குக் காற்று ஏது? கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், தலை பின்னால் சாயும், ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். குழந்தையானால் அந்த நேரமும் இல்லை. பிராணவாயு இல்லாமல் மூளை தாங்குவது நான்கைந்து நிமிடம். வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் அந்த நிமிடங்களைத்தான் தின்கின்றன. மூச்சு நின்றதால் நின்ற இதயம் அது. முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும், அடுத்து மார்பை அழுத்த வேண்டும், அதற்குள் ஒருவர் 108-ஐ அழைத்திருக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகளின் கதை வேறு. கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் தாராபுரத்தில் அமராவதியில் குளிக்க இறங்கிய திருப்பூர் இளைஞர்கள் ஆறு பேர் மூழ்கியது சில ஆண்டுகளுக்கு முன்புதான். முந்தைய தலைமுறை இடுப்பில் சுரைப்புருடை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியது, மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமனோ சித்தப்பனோ நிற்பார். ஆழ்துளைக் கிணறுகள் வந்து திறந்த கிணறுகள் வறண்டபோது அந்தப் பள்ளிக்கூடமும் மூடிவிட்டது. நீந்தத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்த பிறகு தண்ணீர் வருகிறது. இது என் கணிப்பு, யாராவது இங்கே கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கோ செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் தாயும் தகப்பனும் கம்பெனி வேனிலோ பஸ்ஸிலோ ஷிப்டுக்குப் போகிறார்கள். பிள்ளை முட்டி வலிக்கும் அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ இருக்கிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் திருப்பூரில் இருக்கும் காப்பறை ஊரில் விட்டுவந்த பிள்ளைக்கு உதவாது. ஊரில் இருக்கும் அங்கன்வாடியோ இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்க்கிறது, ஷிப்டு வேன் கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் திறக்கிறது. நடக்கத் தொடங்கிய ஒரு வயதுப் பிள்ளைக்கும் அங்கே இடம் வேண்டும், வேன் கிளம்பும் நேரத்துக்கே கதவு திறக்க வேண்டும். மூழ்கி இறப்பதைத் தடுக்க இந்தியச் சுகாதார அமைச்சகம் 2023-இல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. தாராபுரத்து ஊராட்சிகள் அதைத் தொடங்க வேண்டிய இடம் அங்கன்வாடியின் வாசல்தான்.