பூட்டிய கதவுக்குள் ஒரு கதிரை வட்டம்

உறவினர் ஒருவர் பாதுகாப்பு மனநல வைத்தியசாலையில் தடுத்து வைக்கப்பட்டால், நம்மவர் பலர் அதனைச் சிறை என்றே எண்ணுகின்றனர். "வேறு நாட்டிற்குப் போய்விட்டார்" என அயலவரிடம் கூறி மறைக்கும் குடும்பங்களும் உள.

இங்கிலாந்தின் பேர்க்ஷயர் பகுதியிலுள்ள புறோட்மூர் 1863ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உயர்ந்த மதில்களும் பூட்டிய கதவுகளும் அங்குண்டு. ஆயினும் அது வைத்தியசாலையே. அங்கு தரப்படுவது தண்டனையன்று, சிகிச்சை. இத்தகைய வைத்தியசாலைகளில் மருந்தோடு குழுச் சிகிச்சையும் வழங்கப்படுகின்றது.

இச்சிகிச்சையை வளர்த்தெடுத்தோரில் முதன்மையானவர் எஸ். எச். ஃபோக்ஸ். அவரும் ஓர் அகதியே. ஜேர்மனியில் பிறந்த இந்த யூத மருத்துவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் தஞ்சமடைந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, பேர்மிங்காமுக்கு அண்மையிலுள்ள நோர்த்ஃபீல்ட் இராணுவ வைத்தியசாலையில், போரினால் உள்ளம் குலைந்த படையினரை வட்டமாக இருத்திப் பேசவைத்தார்.

முறை எளியது. ஏழெட்டு நோயாளர், ஓரிரு சிகிச்சையாளர், மாறாத நாள், மாறாத நேரம். தான் செய்ததை ஆண்டுக்கணக்கில் சொல்லவியலாதவர், மற்றொருவர் வாயிலாகத் தன் கதையைக் கேட்கின்றார். "நானும் அப்படித்தான் இருந்தேன்" என்று சக நோயாளி கூறும் சொல்லுக்கு, மருத்துவரின் சொல்லுக்கில்லாத வலு உண்டு.

ஆனால் நம்மவருக்கு இவ்வட்டம் எளிதன்று. பலர் விரைந்து பேசுமிடத்தில் மொழிபெயர்ப்பாளரின் குரல் பின்தங்கிவிடுகின்றது. வீட்டு விடயத்தை வெளியே பேசலாகாது என்ற நமது வழக்கமும் நாவைக் கட்டுகின்றது. தடுப்பு முகாமில் வதைபட்டவருக்குச் சாவியின் ஓசையே அச்சமூட்டும். அவரது மௌனம் ஒத்துழையாமை எனவோ நோயின் அறிகுறி எனவோ பிழையாகக் கணிக்கப்படலாம். அக்கணிப்பு அவரது விடுதலையையே தாமதப்படுத்தக்கூடும்.

இங்குதான் குடும்பத்தின் கடமை தொடங்குகின்றது. சென்று பாருங்கள். அவர் பட்டதை, அவரது மொழியை, மௌனத்தின் காரணத்தை மருத்துவக் குழுவினருக்கு எடுத்துரையுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டவர், சட்டம் விதித்த கால எல்லைகளுக்குள் மனநலத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அங்கு வழக்கறிஞரின் உதவியை, வருமானம் பாராது இலவசமாகப் பெறலாம்.

உள்ளே அவர் பேசப் பழகுகின்றார். வெளியே நாம் அவர் பெயரைச் சொல்லவும் கூசினால், அவர் மீண்டு வருவது யாரிடம்?