கைபேசி - கணினி இணைப்புச் சிக்கல்கள்

கைபேசி - கணினி இணைப்புச் சிக்கல்கள் என்பவை, புதிய கைபேசியை யூஎஸ்பி வடம் மூலம் பழைய கணினியுடன் இணைக்கும்போது கோப்புகள் தென்படாத நிலைகளைக் குறிக்கும். பெரும்பாலும் இரு கருவிகளிலும் பழுது இருப்பதில்லை. வடம், கைபேசியின் அமைப்பு, கணினியின் இயங்குதளம் ஆகியவற்றுள் ஒன்றே காரணமாக அமைகிறது.

பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள், சேத்தூர், இராசபாளையம் போன்ற ஊர்கள் உட்பட மாநிலம் முழுவதும் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் ஆகிய இயங்குதளங்கள் இருந்தன. விண்டோஸ் 7 இற்கான பொது ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும் முடிவடைந்தன.

காரணம்

தொடக்ககால ஆண்ட்ராய்டு கைபேசிகள் கணினியில் பென் டிரைவ் போலத் தோன்றின. கணினி நினைவகத்தை நேரடியாகக் கையாண்டதால், அவ்வேளையில் கைபேசி அதனைப் பயன்படுத்த இயலவில்லை. 2011 இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல், எம்டிபி எனப்படும் ஊடகப் பரிமாற்ற நெறிமுறை பயன்பாட்டுக்கு வந்தது. இதில் நினைவகம் கைபேசியின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். கணினி தேவையான கோப்பைக் கேட்டுப் பெறும். விண்டோஸ் 7 இந்நெறிமுறையை அறியும். எக்ஸ்பியில் விண்டோஸ் மீடியா பிளேயர் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.

சரிபார்க்கும் முறை

1. வடம்: சில வடங்களில் மின்னேற்றக் கம்பிகள் மட்டுமே உள்ளன. எனவே கைபேசி மின்னேற்றம் பெறுவது, வடம் தரவைக் கடத்தும் என்பதற்குச் சான்றாகாது. வேறு வடத்தைக் கொண்டு சோதிக்க வேண்டும்.
2. அமைப்பு: ஆண்ட்ராய்டு 6.0 (2015) முதல், இணைத்தவுடன் மின்னேற்றம் மட்டுமே நடைபெறும். திரைப் பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பகுதியில் கோப்புப் பரிமாற்றத்தைத் தெரிவு செய்ய வேண்டும். ஐபோனில், கணினியை நம்பலாமா என்ற கேள்விக்கு இசைவளிக்க வேண்டும்.
3. துளை: மேசைக் கணினியெனில், பின்புற யூஎஸ்பி துளையில் நேரடியாக இணைத்துப் பார்க்கலாம்.
4. படங்கள் மட்டும்: எக்ஸ்பியில் எம்டிபி இயங்காவிடில், பிடிபி எனும் படப் பரிமாற்ற முறையைத் தெரிவு செய்யலாம். கைபேசி ஒளிப்படக்கருவியாக அறியப்படும்.

எச்சரிக்கை

32 ஜிபிக்கு மேற்பட்ட நினைவக அட்டைகள் பொதுவாக எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையில் வருகின்றன. உரிய இற்றைப்படுத்தல் இல்லாத எக்ஸ்பி கணினி அதனை அறியாது, அட்டையை வடிவமைக்கலாமா எனக் கேட்கும். இசைந்தால் அட்டையிலுள்ள கோப்புகள் அழிந்துவிடும். மறுத்துவிட்டு, அட்டையைக் கைபேசியிலேயே திரும்பப் பொருத்த வேண்டும். படங்களைக் கணினிக்கு மாற்றும்போது வெட்டி ஒட்டாமல் படியெடுப்பதே பாதுகாப்பானது. படிகள் சரியாகத் திறக்கின்றனவா எனப் பார்த்த பின்னரே மூலக் கோப்புகளை நீக்க வேண்டும்.